மாத்திரை போட்டால்தான் பூ

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், டில்லியில் எங்கள் நல்லது கெட்டதில் கூட நின்ற நண்பர்களுக்கும் அண்ணனின் தங்கை வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்தத் தை மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசியே பிழைத்தவள். அதனால் பேசுகிற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அண்ணன் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். தனக்கு நினைவு மலர் என்று ஏதாவது போட்டால், அண்ணி எப்படி இறந்தார் என்பதை அதில் உள்ளபடி எழுத வேண்டும். தன்னை நல்லவர், வல்லவர், பரோபகாரி என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்தால் அந்தப் புத்தகத்தை யமுனையில் போட்டுவிடச் சொன்னார். எழுதியதை அவர் மகன் பிரபுவுக்கு நானே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அவர் கட்டளை. பிரபு டில்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அவனுக்கு விஷயம் தெரியாது என்றார் அண்ணன். அம்மா செத்த கதையை மகன் காதில் வாசிக்கிற பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இது தெரிந்ததும் ஊரிலிருந்து எங்கள் பெரியப்பா மகன் போன் செய்தார். போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது, வீட்டுக் குப்பையை வீதியில் கொட்டாதே என்றார். வயதில் பெரியவர், அவர் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் சாகக் கிடந்தவர் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்கு இது. எனக்கு வேறு வழியில்லை.

அண்ணன் அருப்புக்கோட்டைப் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை மீசை முளைக்கும் முன்பே அவர் தலையில் விழுந்தது. மத்திய அரசுத் தேர்வு எழுதி, ஒரு அமைச்சக அலுவலகத்தில் குமாஸ்தாவாக டில்லிக்கு வந்தார். முனிர்காவில் ஒரு அறையில் ஐந்தாறு பேரோடு தங்கினார். முதல் குளிர்காலத்தில் கால் விரல்கள் வீங்கி வெடித்து, செருப்புப் போட முடியாமல் ஆபீஸ் போனாராம். என்னைப் படிக்க வைத்ததும், டில்லியிலேயே வேலைக்கும் கல்யாணத்துக்கும் வழி செய்ததும் அவர்தான். பிறகு அவருக்குக் கல்யாணமாயிற்று. தென் டில்லியில் தரைத்தளத்தில் ஒரு அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு மண் இருந்தது. அந்த மண்ணில்தான் இந்தக் கதை முளைத்தது.

பிரபு பிறந்த சில வருஷங்களில் அண்ணிக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அரசு டிஸ்பென்சரியில் மாதாமாதம் கிடைத்தது, அண்ணியும் ஒழுங்காகச் சாப்பிட்டார். அண்ணனுக்கு அது போதவில்லை. ஊரில் சர்க்கரைக்காரர்கள் ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பது அவர் நினைவுக்கு வந்தது. லீவில் ஊருக்குப் போனவர் சட்டைப்பை நிறைய ஆவாரை நெற்றுகளோடு திரும்பினார்.

எங்கள் பக்கத்தில் ஆவாரை ரோட்டோரம் தானாக வளரும். ஆடு மாடு வாய் வைக்காது, ஆறு மாதம் மழை இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒருவன் பாத்தி கட்டினால் ஊரில் கைகொட்டிச் சிரிப்பார்கள். அண்ணன் டில்லியில் பாத்தி கட்டினார். முதல் தடவை போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையின் தோல் கல் மாதிரி. அடுத்த தடவை சிமெண்டுத் தரையில் லேசாகத் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் போட்டார், முளைத்தது. ஆணிவேர் நேரே கீழே இறங்குகிற செடி, பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் பிழைக்காது என்று வளர வேண்டிய இடத்திலேயே விதைத்தார். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்தார். எரு அதிகம் போட மாட்டார். போட்டால் இலை தழைக்கும், பூ குறையும் என்பார்.

வெயிலுக்கு அஞ்சாத அந்தச் செடி டில்லிக் குளிருக்கு அஞ்சியது. மார்கழி பிறந்தால் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் செடி ஒவ்வொன்றுக்கும் கோணிச் சாக்கைப் போர்த்துவார், காலையில் வெயில் வந்தபின் எடுப்பார். மற்ற வீட்டில் குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்டுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் செடிக்கு மாட்டினார்கள்.

முதல் வரிசைச் செடிகள் இடுப்பளவு வளர்ந்தபின் ஒரு விபத்து நடந்தது. ஜூன் மாதம் அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாபி அம்மாள் இருந்தார், எல்லோருக்கும் பாபிஜி. அனல் மாதிரி அடிக்கிற லூ காற்றில் செடிகள் நிற்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தினமும் காலையும் மாலையும் சுவருக்கு மேலே ரப்பர் குழாயை நீட்டித் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார். அண்ணன் திரும்பி வந்தபோது பாதிச் செடிகள் வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தன. பாபிஜி அழாத குறை. "பேச்சாரா பியாஸா தா, பாயிசாப்" என்றார். பாவம், தாகமாக இருந்தது என்று அர்த்தம். அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உள்ளே வந்து, "அன்பாலயும் கொல்லலாம் போல" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தார். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், சிரித்தேன்.

மீண்டும் விதைத்தார். இந்தத் தடவை நன்றாக வந்தது. மழை நின்றதும் பூக்கத் தொடங்கி ஐப்பசி வரைக்கும் சுவரே மஞ்சளாக இருக்கும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டை வைத்துப் போகும். பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்குவாரே தவிர மருந்து அடிக்க மாட்டார், வாயில் போடுகிற பூ ஆயிற்றே. பூத்து ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். பறித்த பூவை வீட்டுக்குள் நிழலில், பழைய தமிழ்ப் பத்திரிகைகளை விரித்து அதன் மேல் காயப்போடுவார். வீட்டுக்கு யார் போனாலும் பூவை மிதிக்காமல் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

அண்ணிக்குச் சர்க்கரை குறைந்தது. மாத்திரையும் சாப்பிட்டார், பூவும் குடித்தார், சோற்றையும் குறைத்தார். எது குறைத்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அண்ணன் மட்டும் பூ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்று பழமொழியை எடுத்துவிடுவார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசி வாங்க நிற்கும்போது பக்கத்தில் யாராவது சர்க்கரை என்று சொல்லிவிட்டால் போதும், அட்ரஸ் கொடுத்து வீட்டுக்கு வரச் சொல்வார். வந்தவர்களிடம் அண்ணியைக் காட்டி, "இவ மாத்திரையே தொடுறதில்ல, எல்லாம் பூதான்" என்பார். அது பொய். அண்ணி காபி டம்ளர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருப்பார். நாங்களும் அதை ஒரு பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளை வாய்ச்சவடால், போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு பொங்கலுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். அண்ணன் வழக்கம்போல் ஆரம்பித்தார். அவர் ஆபீஸ் நண்பரின் மனைவி தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவர், அதன் மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி ஆட்டி, இது யாருக்கு, உங்கள் ஆவாரஞ்செடிக்கா என்று கேலி செய்தார். கூடம் கொல்லென்று சிரித்தது. அண்ணனும் சிரித்தார், ஆனால் முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே பரிமாறினார்.

அந்த வருஷம் புரட்டாசியில் அண்ணிக்குப் புதுச் செருப்பு கடித்துக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணாயிற்று, புண் கறுத்தது. ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அண்ணி போய்விட்டார். பிரபு அப்போது பதினொன்றாம் வகுப்பு. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது பின்பக்கம் செடிகள் எல்லாம் பூத்து நின்றன. ஜன்னல் வழியாக மஞ்சளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. அந்தப் பழமொழியைக் கட்டியவன் கையில் கிடைத்தால் அன்றைக்கு விட்டிருக்க மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின், இந்தச் சனியன்களை வெட்டிப் போடுங்கள் அண்ணே, கண்ணால் பார்க்க முடியவில்லை என்று நானே அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"செடி என்னம்மா பண்ணுச்சு? பேசினது நான்."

எனக்கு அன்று புரியவில்லை. துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அண்ணன் வாயிலிருந்து அந்தப் பழமொழி வரவே இல்லை. செடியை மட்டும் முன்னைவிடக் கவனமாக வளர்த்தார். பூ கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுத்தார், ஆனால் ஒரு புது வழக்கத்தோடு. வந்தவர் டாக்டர் கொடுத்த மாத்திரையைக் கையோடு கொண்டுவர வேண்டும். அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அவர் கண்முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினால்தான் பூ. காலையிலேயே போட்டுவிட்டேன் என்றால், நாளைக்குப் போடாமல் வந்து இங்கே போடுங்கள் என்பார். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்த ஒருவர், என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும் என்று அண்ணன் கதவைச் சாத்தினார். முனிர்காவில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் அப்பாவுக்கென்று கேட்டு வருவார்கள். அவர்கள் அங்கேயே போன் போட்டு, அப்பா மாத்திரை விழுங்குவதை வீடியோவில் காட்ட வேண்டும். அந்த அப்பாக்களின் ஊரில் ஆவாரை ரோடு முழுக்கக் கிடக்கும் என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகள்தான் அவருக்கு 'மாத்திரை மாமா' என்று பேர் வைத்தார்கள். எனக்கே சலிப்பாக இருந்தது. வயதாக ஆக மனுஷருக்குக் கிறுக்குப் பிடிக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. செடிகளைப் பெயர்க்க முடியாது. விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மயூர் விஹாரில் வாங்கியிருந்த மாடி வீட்டுக்குப் போனார். மொட்டை மாடியில் நீல டிரம்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, அதில் விதைத்தார். கொஞ்ச காலம் கழித்துப் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பிரபு படித்து முடித்துக் குர்கானில் நல்ல கம்பெனியில் சேர்ந்தான். கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடேயே இருந்தான். அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, பேச்சு கிடையாது. சண்டையும் இல்லை. சாப்பிட்டாச்சா, சாவி எங்கே, அவ்வளவுதான். பிள்ளைக்குக் கல்நெஞ்சு என்று சொந்தத்தில் சிலர் பேசினீர்கள், எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

கடைசி மூன்று நான்கு வருஷமாக அண்ணனுக்கு நெஞ்சு சரியில்லை. கார்த்திகையில் புகை கவிந்தால் மூச்சுக்குத் தவிப்பார். போன மார்கழியில் பனி மூடி, எதிர் வீடு தெரியாத நாட்கள் தொடர்ச்சியாக வந்தன. மாடிக்குப் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், பிரபுவும் சொன்னான். கேட்டால்தானே? தினமும் சாயங்காலம் படியேறிப் போய்ச் செடிகளுக்குச் சாக்குப் போர்த்தினார். சளி கட்டியது, காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். தை பிறந்து சில நாட்களில் போய்விட்டார். என் அண்ணனை ஒரு செடி கொன்றது என்றுதான் அன்று அழுதேன்.

அவர் போவதற்கு முந்தைய வாரம், பிரபு கான்டீனுக்குப் போயிருந்த சமயத்தில், மூக்குக் குழாயை நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னார். அண்ணியின் விரலை எடுப்பதற்கு முன்னால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டிருக்கிறார். நிறுத்திவிட்டேன் என்று அண்ணி ஹிந்தியிலேயே பதில் சொல்லியிருக்கிறார். எப்போது என்று அண்ணன் தமிழில் கேட்டார்.

"பொங்கலோட விட்டுட்டேன்."

"ஏன்?"

"நீங்கதான எல்லார்ட்டயும் சொன்னீங்க, நான் மாத்திரை தொடுறதில்லன்னு. உங்க சொல்லு பொய்யாப் போகலாமா?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லையாம். சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்று என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாராம். "அவ என்னைத் திட்டியிருந்தாக்கூட நான் பொழச்சிருப்பேன்மா" என்றார் அண்ணன். இதை அண்ணி வீட்டாரிடம் இத்தனை காலமும் சொல்லத் தைரியம் வரவில்லை, அவர்களும் படிக்கட்டும் என்றார். பிரபுவைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான் அழுதார். "அவனுக்குத் தெரிஞ்சா என்னை அப்பான்னு கூப்பிடுவானா? அந்தப் பயத்துலயே அவன் முகத்தைப் பார்த்துப் பேசாம இருந்துட்டேன்" என்றார்.

நன்றி சொல்வது கட்டுரையின் கடைசியில் வரும் என்பார்கள். எனக்கு அதற்குப் பிறகும் ஒன்று சொல்ல வேண்டியிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு மூச்சு முட்டியபோதெல்லாம் போன் எடுத்த டாக்டருக்கும், மூத்திரச் சட்டி எடுக்க முகம் சுளிக்காத வார்டு பையாவுக்கும், இத்தனை வயதில் இரண்டு மெட்ரோ மாறி வந்து சாவு வீட்டில் எங்களுக்கு மூன்று நாளும் ரொட்டி சுட்டுப் போட்ட பாபிஜிக்கும், பாடை தூக்கத் தோள் கொடுத்த முனிர்காப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணி வீட்டாருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் இல்லை, மன்னிப்புத்தான் கேட்கிறேன். மாடிச் செடிகளில் அண்ணனுக்குப் பின் குளிரில் பட்டுப்போனவை போக இரண்டு மிச்சம். விதை வேண்டுபவர்கள் கேளுங்கள், கொடுக்கிறோம். தயவுசெய்து மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயூர் விஹார் வீட்டில் பிரபுவை உட்கார வைத்து இதை வாசித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். அண்ணி ஆஸ்பத்திரியில் சொன்ன இடத்துக்கு வந்ததும், போதும் என்று கையைக் காட்டினான். நான் பயந்துபோனேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றான். "டிஸ்பென்சரிக்குப் போய் மாசா மாசம் மாத்திரை வாங்கிட்டு வர்றது நான்தான். அந்தப் பொங்கலுக்கு அப்புறம் அம்மா, இனிமே வாங்க வேணாம்டா, அப்பாட்ட சொல்லாதன்னாங்க. நான் சொல்லல. லைன்ல நிக்க வேணாம், கிரிக்கெட் ஆடப் போகலாம்னு சந்தோஷமா இருந்துச்சு."

வாசித்துக்கொண்டிருந்த தாளை மடியில் வைத்தேன்.

"என்னைக்காவது ஒரு நாள் அப்பா கேப்பாருன்னு இருந்தேன். நீதான வாங்கிட்டு வருவ, ஏன்டா எங்கிட்ட சொல்லலன்னு. கேக்கவே இல்ல. அவர் எதிர்ல உக்கார்ந்தா கேட்டுருவாரோன்னு ரூமுக்குள்ள போயிடுவேன்."

அடப் பாவிகளா என்று வாய்விட்டே அழுதேன். ஒரே கூரை, ஒரே அடுப்பு. மகன் முகத்தைப் பார்க்க அப்பாவுக்குப் பயம், அப்பா எதிரில் உட்கார மகனுக்குப் பயம். யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேருமே பிழைத்திருப்பார்கள். இந்தப் பாவத்துக்கு யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையெல்லாம் நான் போட மாட்டேன், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். போட வேண்டும் என்றான். அப்படியானால் நீ சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் தனியாக ஒரு பக்கம் போடலாமா, நீயே படித்துச் சரி பார்க்கலாமே என்று கேட்டேன்.

"வேணாம் அத்தை. தமிழ்லயே எழுதுங்க" என்றான். "அப்பா தமிழ்லதான் படிப்பார்."